ஒரே எழுத்தைப் படித்த பாய்

சீன மொழியில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் வருடக்கணக்கில் படித்துவிட்டு, "இன்னும் முடியலைங்க, நிறைய பாக்கி இருக்கு" என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் டெக்சாஸில், இர்விங்கில், எங்கள் அபார்ட்மென்ட்டில் எதிர் பிளாக்கில் குடியிருக்கிறார். அவரோடு ஒரே காரில் தினமும் ஆபீஸ் போய் வரும் பாக்கியத்தை ஆண்டவன் எனக்கென்று எடுத்து வைத்திருந்தான்.

பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பேட்ஜில் அச்சடித்துக் கழுத்தில் தொங்குகிறது. ஆனால் லாஸ் கொலினாஸில் எங்கள் ஆபீஸ் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் ஒத்தையெழுத்து பாய்தான். காயல்பட்டினத்துக்காரர். ஐம்பதைத் தொட்டவர், தனிக்கட்டை. டேட்டாபேஸ் வேலை. அந்த வேலையில் அவரை அசைக்க ஆள் கிடையாது. ஆனால் லிஃப்டில் அவர் நிற்பது தெரிந்தால் பாதிப் பேர் படியேறிப் போய்விடுவார்கள். லிஃப்ட் மேலே போவதற்குள் அந்த எழுத்தின் ஒரு அர்த்தத்தையாவது சொல்லி முடித்துவிடுவார்.

ஆரம்பித்து வைத்தது ஆபீஸ் ஃப்ரிட்ஜ். எங்களோடு வேலை பார்க்கும் மே என்ற சீனப் பெண், தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் மார்க்கரால் ஓர் எழுத்தைப் போட்டு வைத்திருந்தாள். 食. மேலே கூரை, கீழே குட்டி வீடு மாதிரி இருக்கும். பாய் அதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். "ஷிர். சாப்பாடு" என்றாள் மே. அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்த ஹாங்காங் பையன், "எங்க வீட்ல இத ஸிக்னு சொல்லுவோம்" என்றான். சான் ஹோசே ஆபீஸிலிருந்து வந்திருந்த ஜப்பானியர் ஷொக்கு என்றார். பாய் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

மறுநாள் காரில் ஏறியதும் என்னிடம் புலம்பினார். "டேட்டாபேஸ்ல ஒரு கீ, ஒரு வேல்யூ. அப்படித்தானே டேபிள் இருக்கணும்? இதுல ஒரே கீக்கு எத்தன வேல்யூ பாருங்க! யாரு டிசைன் பண்ணது இத?"

"பாய், அது டேபிள் இல்ல, மொழி" என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அகராதிகளைத் தேடிப் போனார். பழைய சீனத்தில் அந்த எழுத்து எப்படியெல்லாம் வந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். ஃப்ரீவேயில் நான் ஓட்ட, அவர் விளக்குவார். ஷிர் என்று, "என்னது?" என்று கேட்கும்போது குரல் ஏறுமே, அந்த மாதிரி ஏற்றிச் சொன்னால் சாப்பாடு, சாப்பிடுவது. அதையே ஸ்ஸு என்று, "சீ, போ" என்று விரட்டும்போது குரல் விழுமே, அப்படி இறக்கிச் சொன்னால் அடுத்தவருக்குச் சாப்பாடு போடுவது. "நம்மகிட்ட உண்ணு, ஊட்டுன்னு ரெண்டு இருக்குல்ல, அவன் ஒரே எழுத்துல ரெண்டையும் வச்சிட்டான்." சம்பளம் வாங்கிப் பிழைப்பதற்கும் அதே எழுத்தாம். பக்கத்தில் 'வார்த்தை' என்ற எழுத்தைச் சேர்த்தால், சொன்ன சொல்லை விழுங்கி ஏமாற்றுவதாம். யாரோ ஒரு பழைய காலத்து ஆளின் பெயரில் மட்டும் அதை 'ஈ' என்று வாசிக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். "அதத்தான் தேடிட்டு இருக்கேன்" என்றார் கவலையோடு.

மே பாவம். பாய் தினமும் அவள் மேஜை முன்னால் நின்று ஏறு குரலில் ஒரு ஷிர், இறங்கு குரலில் ஒரு ஸ்ஸு சொல்லிவிட்டு, சரியா என்பதுபோல் அவள் முகத்தைப் பார்ப்பார். கொஞ்ச நாளில் அவள் டப்பாவில் எழுதுவதையே நிறுத்திவிட்டு ஒரு பூனைப் படம் ஒட்டிக்கொண்டாள்.

"இன்னொரு எழுத்து படிங்களேன் பாய். உலகத்துல வேற எழுத்தே இல்லையா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

அவர் அதிர்ந்து போனார். "அது எப்படிங்க? சின்ன வயசுல மதரஸால ஓத விட்டப்போ, ஒரு எழுத்து தொண்டையில எந்த இடத்துலருந்து வருதுன்னு பாத்து, அது சரியா வந்தாத்தான் அடுத்ததுக்கு விடுவாங்க. இது இன்னும் எனக்கே சரியா வரலியே."

இந்தப் படிப்பால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. சீன ஹோட்டலுக்குப் போனால் போர்டை அண்ணாந்து பார்த்து, "இங்க சாப்பாடுன்னு போட்டிருக்கு" என்று கண்டுபிடித்துச் சொல்வார். ஹோட்டலில் சாப்பாடு என்றுதானே போட்டிருப்பான்! ஒருமுறை ஆசியக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினார். அதில் அவருடைய எழுத்து கொஞ்சம் ஒடுங்கி, பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு நின்றது. நம்ம எழுத்துதானே என்று நம்பி வாங்கிவிட்டார். பின்னால் ஆங்கில லேபிள் ஒட்டியிருந்தது. அதைப் பார்ப்பது பரீட்சையில் காப்பி அடிக்கிற மாதிரி என்பது அவர் கொள்கை. டப்பாவில் போட்டு, பாக்கெட்டையும் சேர்த்துக் காரில் கொண்டுவந்தார். மொறுமொறுவென்று இருந்தது. டிராஃபிக்கில் நின்ற நேரத்தில் நான் இரண்டு கைப்பிடி தின்றுவிட்டேன். ஆபீஸில் மே பாக்கெட்டைப் பார்த்துச் சொன்னாள், குளத்து மீனுக்குப் போடும் தீவனம் என்று.

திரும்பும்போது காரில் நான் கத்திய கத்தலுக்கு வேறு யாராக இருந்தாலும் காரை விட்டு இறங்கியிருப்பார்கள். பாய் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தப்பா வாங்கலைங்க. ஊட்டுறதுக்குன்னு சரியாத்தான் போட்டிருக்கான். யாருக்குன்னுதான் எனக்குப் படிக்கத் தெரியல."

இப்படிச் சிரிப்பும் எரிச்சலுமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் என் அப்பா ஸ்ரீவைகுண்டத்தில் இறந்து போனார். காரியமெல்லாம் முடித்துவிட்டு அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன். என் கணவர் திங்கட்கிழமை விடியலில் பிளேன் ஏறினால் வியாழன் இரவுதான் திரும்புவார், கன்சல்டிங் வேலை. நான் பகலெல்லாம் ஆபீஸில். ஃபிளாட்டில் அம்மா தனியாக இருந்தாள்.

தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்பேன். "சாப்டியாம்மா?"

"ஆச்சுட்டி."

காலையில் போனில் கேட்டாலும் ஆச்சு. மத்தியானம் கேட்டாலும் ஆச்சு. ஃப்ரிட்ஜில் நான் வைத்துவிட்டுப் போன குழம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மாவின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். எல்லா டெஸ்டும் நார்மல், சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கெஞ்சினேன், அதட்டினேன், முன்னால் உட்கார்ந்து அழுதேன். நான் அழுதால் இரண்டு வாய் சாப்பிடுவாள். அதுவும் எனக்காக. ஒருநாள் பாத்ரூமில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைத் தொடர்ந்து அம்மாவும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காரில் பாய் வழக்கம்போல ஏதோ ஆரம்பிக்க, நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக அந்தக் காரில் பாய் வாயை மூடிக்கொண்டு கேட்டார். எக்ஸிட் வந்தபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க ஊர்ல, வாப்பா இருக்கும்போது அம்மா எப்ப சாப்பிடுவாங்க?"

"அப்பா சாப்பிட்டு எழுந்த அப்புறம்தான். அப்பா சாப்பிடாம அம்மா ஒருநாள்கூட உக்காந்தது கிடையாது."

"இங்க யாரு சாப்பிட்டு எழுந்திரிக்கிறா?"

நான் ஆபீஸ் கேன்டீனில் லேப்டாப்பைப் பார்த்தபடி சாலட் மெல்லுகிற ஆள்.

அப்போது ரம்ஜான் மாதம் பிறந்திருந்த நேரம். அன்று பொழுது சாயும் நேரத்தில் காலிங் பெல் அடித்தது. பாய் நின்றார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பேரீச்சம்பழம் எட்டிப் பார்த்தது.

"நோன்பு திறக்கணும். பள்ளிக்குப் போற வழியில டிராஃபிக்ல மாட்டிக்குவேன் போல. இங்க உக்காந்துக்கலாமா?"

பள்ளிவாசலுக்கும் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சிக்னல். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதறி எழுந்து வந்துவிட்டாள். "காலைலேந்து பச்சத் தண்ணி குடிக்கலியா தம்பி? உள்ள வாங்க. எந்த ஊரு?"

"காயல்பட்டினம்மா."

"காயப்பட்டணமா! நாங்க திருச்செந்தூர் போற வழில்லா! ஏட்டி, ஆளப் பாத்துக்கிட்டு நிக்கியே, ஒரு ரசத்தக் கூட்டக் கூடாதா?" அம்மா குரலில் அந்த அதட்டலைக் கேட்டு மாதக்கணக்காகி இருந்தது.

சாதம், ரசம், அவசரமாகப் பொரித்த அப்பளம். பாய்க்கு முன்னால் தட்டு வைத்தாயிற்று. நேரமும் ஆயிற்று. அவர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க தம்பி."

"தனியா திறந்து பழக்கம் இல்லம்மா. ஊர்ல எங்க வீட்ல எல்லாரும் சேந்துதான்."

"நான் பொறவு சாப்பிடுதேன். நீங்க சாப்பிடுங்க."

"சரிம்மா. நீங்க சாப்பிடும்போது சொல்லுங்க."

இப்படியும் ஒரு மனிதர் மிரட்டுவாரா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். நாளெல்லாம் தண்ணீர் குடிக்காதவர், உதடு காய்ந்து கிடக்கிறது, சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார். அம்மா அவரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என்னை முறைத்தாள். கடைசியில் ஒரு பழத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு தட்டில் கொஞ்சம் ரசம் சாதம், நின்றுகொண்டே.

அன்றிலிருந்து தினமும் வந்தார். ஆபீஸ் கோஷ்டியோடு வியாழக்கிழமை பிரியாணி வாங்கப் போகும்போது எக்ஸ்ட்ரா பீஸுக்காகக் கவுன்ட்டரில் சண்டை போடுகிற மனிதர், எங்கள் சைவச் சமையலறையில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு என்ன பஞ்சம்? அந்த எழுத்து இருக்கிறதே! ஏறு குரல், இறங்கு குரல் எல்லாம் அம்மாவுக்குச் செய்து காட்டினார். அம்மா அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று கேட்டாள். பாய் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அம்மா மத்தியானமே காய் நறுக்கி வைக்க ஆரம்பித்தாள். முதலில் நின்றபடி நாலு வாய், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அரைத் தட்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டு வந்தாள்.

ரம்ஜான் முடியும் தறுவாயில் கிரகணம் வந்தது. சூரியன் எங்கள் தலைக்கு நேரே முழுசாக மறையப் போகிறது என்று ஊரே திமிலோகப்பட்டது. ஆபீஸில் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். விவரம் தெரியாத எங்கள் மேனேஜர் அந்த நேரம் பார்த்து, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்து வைத்துவிட்டார். ஊர்ப்பட்ட பதார்த்தத்தை மேஜையில் பரப்பிவிட்டு, நம் ஆட்கள் யாரும் கை வைக்காததைப் பார்த்துப் பரிதாபமாக நின்றார். பாயோ பார்க்கிங் லாட்டில் ஆள் ஆளாகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சூரியனை ஏதோ தின்கிறது என்று பழைய சீனத்தில் கிரகணத்துக்கும் இந்த எழுத்தைத்தான் எழுதுவார்களாம். மே கூடத் தலையாட்டி ஒப்புக்கொண்டாள். அவருக்கு அன்று இருந்த பெருமையை நோபல் பரிசு வாங்கியவர்களிடம்கூடப் பார்க்க முடியாது. பிறகு நிஜமாகவே இருட்டியது. பறவைகள் அடங்கின. பாய் ஓரமாகப் போய்த் துண்டை விரித்துத் தொழுதார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை. அம்மா குளித்திருந்தாள். ஈரத் தலையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கிரகணம் விட்டாச்சேம்மா. எந்திரி."

"அமாவாசைட்டி இன்னைக்கு. அப்பா இருந்தா வாசல்ல வந்து நின்னு, குளிச்சாச்சா, சோறு ஆயிட்டான்னு கேட்டுக்கிட்டே இருப்பாவ. கேக்க ஆளில்ல. எனக்கு எதுக்குச் சோறு?" போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு மாதமாகப் பாய் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே நாளில் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது.

நேரத்துக்குப் பெல் அடித்தது. கதவைத் திறந்து கிசுகிசுத்தேன். "பாய், இன்னிக்கு வேணாம். அம்மா படுத்துட்டாங்க. சமைக்கல."

"பரவால்லங்க" என்று உள்ளே வந்து, காலி மேஜையின் முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்தார். நேரம் வந்ததும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து நோன்பைத் திறந்தார். பிரெட் டோஸ்ட் பண்ணிக் கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். வீட்டுக்குப் போங்கள் என்றேன். அதற்கும் தலையசைத்தார். தொழும் நேரம் வந்தபோது பால்கனியில் தொழுதுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வயிறு மட்டும் கடமுடவென்று பேசியது, பெட்ரூம் வரைக்கும் கேட்கும்படி.

வெகு நேரம் கழித்துக் கட்டில் கிறீச்சிட்டது. அம்மா கூந்தலை முடிந்துகொண்டே வந்தாள்.

"இந்தத் தம்பிக்குப் போக்கிடம் இல்லியா? பட்டினியா உக்காந்திருக்கே மனுசன்! ஏட்டி, நீயும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கியா?"

அடுப்பைப் பற்ற வைத்தாள். சாதம் கொதித்தது, ரசத்துக்குத் தாளித்தாள். என்னிடம் கேட்காமல் அவளே தட்டுகளை எடுத்து வந்தாள். பாய்க்கு ஒன்று, எனக்கு ஒன்று, இன்னும் ஒன்று. பாய்க்குப் பரிமாறினாள். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் சாதம் போட்டுக்கொண்டு, அவர் முதல் கவளத்தை எடுக்கும்போதே தானும் எடுத்தாள். என் அம்மா ஓர் ஆண்பிள்ளையோடு ஒரே மேஜையில் சரிசமமாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் என் தட்டில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை, ரசத்தில் பெருங்காயம் தூக்கலா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்தது. இனி எந்தச் சாக்கில் வருவார் என்று நான் கவலைப்பட்டேன். பாய் அசரவில்லை. "பெருநாளுக்கப்புறம் ஆறு நோன்பு இருக்குங்க" என்றார். அந்த ஆறும் முடிந்தது. "திங்கள், வியாழன் நோன்பு வைக்கிறதும் நல்லதுன்னு சொல்லுவாங்க" என்றார். டெக்சாஸ் கோடையில் பொழுது சாய எவ்வளவு நேரமாகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் வாய் உலர உலர உட்கார்ந்து டேட்டாபேஸ் பார்த்தார். வியாழக்கிழமை பிரியாணி கோஷ்டி, பாய்க்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் வந்து விசாரித்தது. இத்தனை வருடத்தில் அவர் வியாழக்கிழமை நோன்பு வைத்து யாரும் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் அம்மா பக்கத்து பிளாக் தெலுங்குப் பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து தானும் சாப்பிட்டு வரப் பழகியிருந்தாள்.

விசா கெடு முடிந்து அம்மா ஊருக்குக் கிளம்பினாள். அங்கே என் தம்பி வீட்டில் இரண்டு பிள்ளைகள், சமைத்துப் போட்டு மாளாது. ரவிக்கைகள் மறுபடி இறுக்கமாகியிருந்தன. ஏர்போர்ட்டுக்குப் பாயும் வந்தார். அம்மா அவர் கையில் ரசப்பொடி டப்பாவைக் கொடுத்து, "நேரத்துக்குச் சாப்பிடணும் தம்பி" என்றாள். எந்நேரமும் பேசுகிற மனிதர், அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "பாய், அம்மா சாப்பிடாததுக்குக் காரணம் டாக்டருக்கே தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"வாப்பா மவுத்தான பிறகு உம்மா ஊர்ல தனியா இருந்தாங்க. எனக்கு விசா சிக்கல், போக முடியல. தினம் போன் பண்ணுவேன். சாப்பிட்டீங்களா உம்மான்னு கேப்பேன். சாப்பிட்டேன்னு சொல்லுவாங்க. நானும் நம்பி வச்சிடுவேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாப்பிட்டீங்களான்னு தினம் கேட்டேங்க. கூட யாரு உக்காந்தான்னு ஒருநாளும் கேக்கல. எலும்பும் தோலுமாத்தான் போனாங்களாம். அடக்கத்துக்கும் நான் இல்ல."

எனக்கு ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். பிறகு நானே ஆரம்பித்தேன். "வீட்டுக்கு வாங்க பாய். நான் சமைக்கிறேன்."

அவர் நிஜமாகவே பயந்து என்னைப் பார்த்தார். என் சமையலைப் பற்றி அம்மா அவரிடம் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு திங்களும் வியாழனும் நான்தான் சமைக்கிறேன். உப்பு ஒருநாள் கூடிப்போகும், ஒருநாள் போடவே மறந்திருப்பேன். பாய் ஒரு குறையும் சொல்லாமல் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். ஆபீஸ் வேலையாகப் பாய் வெளியூர் போகிற வாரங்களில், எனக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.